டிரில் மாஸ்டர் முதல் கோச் வரை: ஒரு சர்ட்டிஃபிகேட்டின் கதை

ஃபிட்னஸ் கோச் பரீட்சைக்குப் படிக்கிறேன்னு போன எபிசோட்ல போற போக்குல சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்வி ஒண்ணுதான்: "தண்டால் எடுக்கச் சொல்லித்தர எதுக்குப்பா பரீட்சை?" நியாயமான கேள்வி. இதே கேள்வியை நூறு வருஷம் முன்னாடி மெட்ராஸ்ல ஒருத்தர் நேருக்கு நேர் சந்திச்சிருக்கார். இன்னைக்கு அவர் கதை.

அப்போ பள்ளிக்கூடங்கள்ல இருந்தவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையா நிக்க வைக்கணும், இடது வலது சொல்லணும், அவ்வளவுதான் வேலை. ஆஸ்துமா இருக்கிற பையனுக்கும், மதியம் சாப்பிடாம வந்த பையனுக்கும், நல்லா ஓடுற பையனுக்கும் ஒரே கட்டளைதான். உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு அவருக்கு யாரும் சொல்லித்தரல, அவரிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

1919ல ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பா இங்கே வர்றார். படிச்சது மாசசூசெட்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி. 1891ல ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடிச்சாரே, அதே இடம். விளையாட்டு சொல்லித்தர்றதும் ஒரு படிப்புதான், அதுக்கு உடற்கூறு தெரியணும்னு நம்பின இடம். பக் அந்த நம்பிக்கையோட 1920ல மெட்ராஸ்ல ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சார். முதல் பேட்ச்ல அஞ்சு பேர். நம்ம ஸ்டார்ட்அப்ல கூட இன்டர்ன் அதுக்கு மேல இருப்பாங்க! அதுதான் இப்போ நந்தனத்துல இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆசியாவிலேயே இந்த வகையில முதல் கல்லூரின்னு சொல்லுவாங்க.

பக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜர். 1927ல டோராப்ஜி டாடா தலைமையில இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதுக்குப் பின்னாலயும் ஒய்.எம்.சி.ஏ. ஆட்களோட உழைப்பு இருக்கு. 1943ல அவர் இறந்தார். ஆனா என்னைப் பொறுத்தவரை அவரோட பெரிய வேலை ஒலிம்பிக் இல்லை. 'இந்த வாத்தியாருக்கும் ஒரு படிப்பு வேணும்'னு ஊரை ஒத்துக்க வெச்சதுதான். அதுலயும் பாதிதான் ஜெயிச்சார்னு தோணுது. இன்னைக்கும் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார்தானே கடன் வாங்கிட்டுப் போறார்?

ஒரு சின்ன கிளைக்கதை. அறிவு மேற்கிலிருந்து இங்கே மட்டும் வரல. நம்ம கர்லாக்கட்டையைப் பார்த்து ஆங்கிலேயர்கள் 'இந்தியன் கிளப்'னு ஊருக்குக் கொண்டு போனாங்க. 1904லயும் 1932லயும் அது ஒலிம்பிக் போட்டியாவே நடந்திருக்கு. கர்லா சுத்தின வஸ்தாதுக்கு இங்கே எந்தச் சான்றிதழும் கிடையாது.

நான் எழுதப்போற பரீட்சை வேற கிளை. 1954ல தொடங்கின அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 1975ல சான்றிதழ் கொடுக்க ஆரம்பிச்சது. உடற்பயிற்சியை மருந்து மாதிரி அளவு பார்த்துக் கொடுக்கணும்கிற எண்ணம் அங்கே இருந்து வந்தது. ஏரோபிக்ஸ் அலை அடிச்ச 1985ல ஏ.சி.இ. வந்தது. என்னோட பரீட்சை இவங்களோடதுதான். மூணு மணி நேரம், 150 கேள்வி, எல்லாமே சரியான பதிலை டிக் அடிக்கிற வகை. கூடவே சி.பி.ஆர். தெரிஞ்சிருக்கணும்.

பிரச்சினை என்னன்னா, புத்தகத்துல வர்ற உதாரண மனிதர் எப்பவும் நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஆபீஸ்காரர். அதாவது நான். எங்க ஊர் தென்னேரி, காஞ்சிபுரம் பக்கம். என் பெரியப்பா உட்கார்றது குழித்தறியில. குழிக்குள்ள தொங்குற கால் மிதியை மாத்தி மாத்தி அழுத்தும், கை நாடாவைத் தள்ளும், உடம்பு முன்னால சாஞ்சே இருக்கும். நாள் முழுக்க. அவர் முதுகுக்கு எந்தப் பயிற்சி நல்லதுன்னு நேரடியா ஒரு பக்கம்கூட என் புத்தகத்துல இல்லை. பரீட்சைக் கட்டணம் டாலர்ல, கேள்வி இங்கிலீஷ்ல. எங்க ஊர்ப்பக்கம் ஜிம்ல ட்ரெயினரா இருக்கிற பையனுக்கு, அவர் முதுகைப் பத்தி என்னைவிட நல்லாத் தெரியும். ஆனா இந்தப் பரீட்சை அவனுக்கு எட்டாது. பக் ஆரம்பிச்ச அஞ்சு பேர் வகுப்பு யாருக்காகன்னு யோசிச்சா இது உறுத்துது.

வழி இல்லாம இல்லை. 2005ல தொடங்கின தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூர்ல இருக்கு. ஊர் இப்போ செங்கல்பட்டு மாவட்டம், 2019 வரைக்கும் எங்க காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஜிம்முல சேர அவசரப்படுற பையன் அங்கே போய்ப் படிப்பானா, அது வேற கேள்வி.

இப்போதைக்கு நான் என் நோட்ல ஒவ்வொரு தசைக்கும் பக்கத்துல தமிழ்ல எழுதிக்கிட்டு வர்றேன். 'ஹிப் ஃப்ளெக்ஸர்' வந்தப்போ மாட்டிக்கிட்டேன். பெரியப்பாவுக்கு போன் போட்டு, "தறியில இருந்து எழுந்திரிக்கும்போது எங்கே பிடிக்குது?"ன்னு கேட்டேன். "தொடை இடுக்குலடா"ன்னார். அதையே எழுதிக்கிட்டேன்.