மேக் விதிகளில் தன்னியக்க மாறிகள்

மேக் என்ற மென்பொருள் கட்டமைப்புக் கருவியின் விதிகளில், நாம் மதிப்புக் கொடுக்காமலே கருவி தானாக நிரப்பிக்கொள்ளும் குறியீடுகள். $@ என்பது உருவாக வேண்டிய இலக்கு, $< முதல் சார்புக் கோப்பு, $^ சார்புகள் அனைத்தும், $? இலக்கைவிடப் புதிதாக உள்ள சார்புகள் மட்டும்.

மேக்கை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதினார். திருத்திய கோப்பு மறுபடி தொகுக்கப்படாததை அறியாமல், சரியான நிரலிலேயே பிழை தேடி ஒரு காலையைத் தொலைத்த சக நிரலர் ஸ்டீவ் ஜான்சனின் புலம்பல்தான் தூண்டுதல். $@, $?, $<, $* (பின்னொட்டு நீங்கிய இலக்குப் பெயர்) ஆகியவை தொடக்க காலத்தவை. $^ பிறகு சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்தது தாங்களல்ல, யாரென்றும் தெரியாது என்று, மேக்கின் ஒரு வடிவமான க்னூ மேக்கின் கையேடே ஒப்புக்கொள்கிறது. போசிக்ஸ் தரநிலைக்குள் அது நுழைந்தது 2024இல்தான்.

தலைவலி கொடுப்பது, இலக்கையும் அதன் சார்புகளையும் அறிவிக்கும் சார்பு வரி. ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

தேயிலை: $@.தரவு

'தேயிலை.தரவு' கிடைக்கும் என்று அவர் நம்புகிறார். க்னூ மேக்கோ வெறும் '.தரவு' என்ற கோப்பைத் தேடிவிட்டு, அதை உருவாக்க விதி இல்லை என்று நின்றுவிடும். $@ அங்கே வெறுமை. அங்கே அதை எழுதியது தவறு என்று கருவி சொல்வதுமில்லை.

இலங்கையின் பன்வில பக்கத் தேயிலைத் தோட்டங்களில் காலைப் பிரட்டில் (வேலைக்கு வந்தோரைத் திரட்டிக் கணக்கெடுக்கையில்) பெயர் பதியும்போது, பறிக்கப்போகும் கொழுந்தின் நிறை யாருக்கும் தெரியாது. தராசில் வைத்த பிறகுதான் கணக்கில் ஏறும். மேக்கும் அப்படித்தான். முதலில் விதிகள் உள்ள கோப்பை முழுக்க வாசித்துச் சார்புகளைப் பதிந்துவிடும். $@க்கு மதிப்பு வருவது கட்டளைகளை ஓட்டும்போது.

யுனிக்ஸ் சிஸ்டம் ஐந்தின் மேக், சார்பு வரியில் $$@ என்று எழுத இடம் கொடுத்தது. பி.எஸ்.டி. மேக்கில் இலக்கைக் குறிக்கும் மாறியைச் சார்பு வரியில் நேராகவே எழுதலாம். இதுவே எனக்குப் பிடித்த வழி. க்னூ மேக் 2006இல் வெளிவந்த 3.81 பதிப்பில் 'செகண்ட் எக்ஸ்பேன்ஷன்' என்ற சிறப்பு இலக்கைக் கொண்டுவந்தது. அதை அறிவித்துவிட்டால் சார்பு வரி இரண்டு முறை விரிக்கப்படும்: முதல் முறையில் $$@ என்பது $@ ஆகும்; இரண்டாம் முறையில் இலக்கின் பெயராகும்.

%.ஓ: %.சி போன்ற வார்ப்பு விதி போதுமான இடத்தில் இந்தச் சுற்றுவழி வீண். தேவைப்பட்டால் அறிவிப்பைக் கோப்பின் தலையிலேயே போட வேண்டும். அதற்கு மேலே எழுதிய விதிகளை அது தொடாது.