சோழர் வரலாற்றை ஒரு பத்தியில் எழுத முடியுமா?

நண்பர்களே, இந்த முறை வரலாறு. "பி.காம் படிக்கிறவனுக்கு சோழன் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: கணக்குப் பாடம் இங்கேயும் கைகொடுக்கும். படித்துப் பாருங்கள்.

சோழர் வரலாற்றில் தலை சுற்ற வைப்பது 955 முதல் 985 வரை உள்ள 30 ஆண்டுகள். முதலாம் பராந்தகனுக்கும் ராஜராஜனுக்கும் நடுவே கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன் என நான்கு பேர். இடையில் ஆதித்த கரிகாலன் கொலை வேறு. நம்மில் பலருக்கு இது கல்கியின் பொன்னியின் செல்வன் வழியாகத்தான் தெரியும். அது நாவல். வரலாறாகச் சுருக்கும்போது நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஆட்சியாண்டுகளைக் கூட்டக் கூடாது. சோழர்கள் அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டுவார்கள். மகனின் ஆட்சியாண்டு அன்றிலிருந்தே ஓடும். ராஜேந்திரன் 1012 முதல் 1044 வரை 32 ஆண்டுகள். அவன் மகன் ராஜாதிராஜன் 1018 முதல் 1054 வரை 36 ஆண்டுகள். கூட்டினால் 68. ஆனால் உண்மையில் கடந்தது 42 ஆண்டுகள்தான்! ஒரே தொகையை இரண்டு முறை பற்று வைத்த கதை.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். ஒரு கல்வெட்டில் "பரகேசரி" என்று மட்டும் இருந்தால் அது பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். சுந்தர சோழனுக்கே இரண்டாம் பராந்தகன் என்றும் பெயர் உண்டு.

மூன்றாவது, எல்லை. "850 முதல் 1279 வரை சோழர் ஆண்டனர்" என்று எழுதிவிடுகிறோம். எங்கே? மணலி புதுநகருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவொற்றியூர் கோயிலிலேயே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 20-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 959. அதாவது அப்போது நம்ம ஏரியா சோழர் கையில் இல்லை! 949-இல் தக்கோலம் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்தான். அவனுக்கு நெருக்கமாக இருந்த கேரளத்து வல்லபன் என்பவர், அவனோடு சேர்ந்து சாக முடியவில்லையே என்று துறவியாகி, திருவொற்றியூர் மடத்துக்கு வந்து சதுரானன பண்டிதர் ஆனார். இதைச் சொல்லும் கல்வெட்டு, அந்த இளவரசனைத் தோற்கடித்த அரசனின் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஒற்றை வரிச் சுருக்கத்தில் காணாமல் போவது இப்படிப்பட்ட மனிதர்கள்தான்.

நான்காவதுதான் மிக முக்கியம். "உத்தம சோழன் ஆதித்தனைக் கொன்று அரியணை ஏறினான்" என்று சர்வ சாதாரணமாக எழுதுகிறார்கள். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைக் கொலைத் துரோகிகள் என்கிறது. உத்தமன் பெயர் அதில் இல்லை. சிற்றப்பன் ஆட்சியை விரும்பியதால் அருள்மொழி விட்டுக்கொடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இதையெல்லாம் வைத்து நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். வீரபாண்டியனின் தலையைக் கொய்ததற்குப் பழிவாங்கல் என்று சொல்வோரும் உண்டு. சுருக்கும்போது "சந்தேகிக்கப்படுகிறான்" என்பதில் ஒரு சொல்லை வெட்டினால், ஆயிரம் வருடத்துக்கு முன் செத்தவனைக் கொலைகாரன் ஆக்கிவிடுகிறோம். பதில் சொல்ல அவன் வரப்போவதில்லை.

சரி, அந்தக் காலத்தைச் சுருக்கிப் பார்ப்போமா?

"949-இல் தக்கோலத்தில் ராஜாதித்தன் இறக்க, வடபகுதி ராஷ்டிரகூடர் வசமானது. பராந்தகனுக்குப் பின் அவன் மகன்கள் கண்டராதித்தன், அரிஞ்சயன், பிறகு அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன் ஆண்டனர். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்தன் கொல்லப்பட்டான். துரோகிகளின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு காரணத்தைச் சொல்லவில்லை. கண்டராதித்தன் மகன் உத்தமன் 985 வரை ஆண்டான். அடுத்து சுந்தர சோழனின் இளைய மகன் ராஜராஜன்."

அவ்வளவுதான். ஆறே வாக்கியம், யார் மேலும் பழி இல்லை. இதே முறையில் பாண்டியர்களையும் பல்லவர்களையும் நீங்கள் முயன்று பாருங்கள். பரீட்சைக்கும் உதவும் :)