வேலையோடு வரும் கூரை: வீடற்ற பெண்களுக்கான இடைக்காலத் தங்குமிடங்களும் வேலைவாய்ப்பும்

வீடற்ற பெண்களுக்கான தங்குமிடங்களில் பொதுவாக ஒரு பதிவேடு இருக்கும். பெயர், வயது, சொந்த ஊர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம். கடைசிக் கட்டத்தில் ‘வேலைக்குச் சென்றார்’ என்று எழுதிவிட்டால் அது திட்டத்தின் வெற்றியாகக் கணக்கில் ஏறிவிடும். எந்த வேலை, இரவில் எங்கே படுக்கிறார், அந்த வேலை போனால் எங்கே போவார் என்பதையெல்லாம் எழுத அங்கே இடமில்லை. வீட்டோடு தங்கும் வீட்டுவேலை, ஹோம் நர்ஸ் வேலை, லேடீஸ் ஹாஸ்டல் சமையல், விடுதியோடு கூடிய நூற்பாலை வேலை என, தங்க இடத்தையும் சேர்த்துத் தரும் வேலைகளை இடைக்காலத் திட்டத்தின் நிறைவாகக் கொள்ளக் கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம். அவை வீடின்மையைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகின்றன.

இத்தகைய வேலையை நிறைவாகக் கொள்ளும் வழக்கத்துக்கான காரணம் நம் தங்குமிடங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. 2010இல் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே, பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்பது அரசின் கடமையானது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கி, ஆளுக்கு 50 சதுர அடி என்று குறைந்தபட்ச அளவும் வகுத்தது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம். ஒரே இரவில் எடுத்த கணக்கு அது. அரசு மருத்துவமனை வராந்தாவில் நோயாளிக்குத் துணைக்கு வந்தவரைப் போலப் படுத்திருக்கும் பெண்ணை அப்படியொரு கணக்கு எளிதில் தவறவிடும். எப்படியோ, படுக்கைக்கு அளவு வந்துவிட்டது. படுக்கையிலிருந்து வாடகை வீட்டுக்குப் போகும் வழிக்குத்தான் அளவும் இல்லை, நிதியும் போதவில்லை.

அந்த வழியில் முதல் தடை அட்வான்ஸ். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று வரம்பு காட்டினாலும், சென்னையில் அதற்கு மேல் கேட்கும் உரிமையாளர்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்தது விசாரணை: வீட்டுக்காரர் என்ன செய்கிறார், கூட யார் இருப்பார்கள், நீங்கள் என்ன ஆளுங்க, இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. வீட்டோடு தங்கும் வேலை இந்தத் தொல்லைகள் அத்தனையையும் ஒரே நாளில் தாண்டவைக்கிறது. ஏஜென்சி கேட்டால் ஆள் போய்விடுகிறார், படுக்கை காலியாகிறது, அடுத்தவருக்கு இடம் கிடைக்கிறது. பத்துப் படுக்கைக்கு முப்பது பேர் வந்து நிற்கும் இடத்தில் நிர்வாகியைக் குறை சொல்வது எளிதல்ல.

ஆனால் அந்த வேலை எப்படி முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஹோம் நர்ஸ் வேலை இயல்பிலேயே நோயாளியின் குணத்திலோ சாவிலோ முடிவது. பார்த்துக்கொண்ட பாட்டி இறந்தால், காரியம் முடிவதற்குள் பிள்ளைகள் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடலாம். சம்பளம், சாப்பாடு, படுக்கை மூன்றும் ஒரே நாளில் போகும். வாடகைக்குக் குடியிருப்பவர் வேலையை இழந்தால் அடுத்த வாடகைத் தேதி வரையாவது மூச்சுவிட முடியும். இவருக்கு அந்த அவகாசம்கூட இல்லை. அது தெரிந்ததால்தான் பாக்கிச் சம்பளத்தை அழுத்திக் கேட்கவும் தயங்குகிறார். முதலாளியோடு சண்டை போட்டால் அன்றிரவு தெருவில்தான் படுக்க வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்றபோது, முதலாளியின் வீட்டில் தங்குவதா வேண்டாமா என்பதைப் பணியாளர் பேசி முடிவுசெய்யும் உரிமையையும், அடையாள ஆவணங்களைத் தம்மிடமே வைத்திருக்கும் உரிமையையும் ஒரே பிரிவில் சேர்த்து எழுதியது. இரண்டும் ஒரே சிக்கலின் இரு முனைகள். இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. கொங்குப் பகுதி நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தில் இளம்பெண்களை விடுதிக்குள் கட்டிவைத்ததும், சம்பளமும் கூரையும் ஒரே கையில் இருந்த இந்த ஏற்பாடுதான்.

அமெரிக்காவில் இடைக்கால வீட்டுத் திட்டங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 24 மாதம் வரை தங்கவைத்து, பயிற்சி தந்து, வேலையோடு அனுப்புவது அவற்றின் வழக்கம். 12 இடங்களில் 2,282 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ‘குடும்பத் தேர்வுகள்’ ஆய்வின் மூன்றாண்டு முடிவுகள் 2016இல் வெளியாயின. இடைக்கால வீடு பெற்றவர்களின் நிலை, வழக்கமான உதவி பெற்றவர்களின் நிலையைவிடப் பெரிதாக மேம்படவில்லை. நிபந்தனையற்ற நீண்டகால வாடகை மானியம் பெற்றவர்களே தெருவுக்குத் திரும்பாமல் நிலைத்தார்கள். மானியம் பெற்றவர்கள் வேலைக்குப் போவது தொடக்கத்தில் சற்றுக் குறைந்தது என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. ஆகவே வேலையும் வீடும் தாமாகவே ஒன்றையொன்று இழுத்துவரும் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். அந்த ஆய்வு குடும்பங்களைப் பற்றியது, அத்தகைய வாடகை மானியம் நம்மிடம் இல்லை என்பதால் அதன் முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆயினும் 1993இல் சென்னையில் தொடங்கிய பானியன் அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் இதே திசையில் செல்கிறது. மனநலப் பாதிப்போடு நெடுநாள் நிறுவனத்தில் வாழ்ந்த பெண்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். வேலை விருப்பத்தைப் பொறுத்தது. கூரைக்கு அது நிபந்தனையில்லை.

வீட்டோடு தங்கும் வேலையைப் பெண்களே விரும்புகிறார்கள் என்று நிர்வாகிகள் சொல்வதில் உண்மை உண்டு. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம், சம்பளத்தில் பெரும்பகுதியைச் சேர்க்கலாம். அதைத் தடுப்பது வீண் அதிகாரம். செய்யக்கூடியது வேறு. அவர் வேலைக்குப் போன பிறகும் மூன்று மாதம் படுக்கையை அவர் பெயரில் வைத்திருக்கலாம். ஆதாரும் வங்கிப் புத்தகமும் அவர் கையிலேயே இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நேரில் பார்க்கலாம். தையல் பயிற்சிக்குப் போகும் தொகையில் ஒரு பங்கை அட்வான்ஸ் நிதியாக ஒதுக்கலாம். ஆளுக்கு ஒரு தையல் மெஷின் தருவதைவிட, இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் ஓர் அறையின் அட்வான்ஸ் அதிக நாள் நிற்கும் என்பது என் கணிப்பு. இதில் நிர்வாகிக்கு உள்ள நெருக்கடி, நிதி தருபவர் காலிப் படுக்கையைக் குறையாகப் பார்ப்பது. எனவே மாற்றம் மாநகராட்சியின் ஒப்பந்தப் படிவத்தில் தொடங்க வேண்டும். வேலைக்குப் போனவருக்காக வைத்திருக்கும் படுக்கையை மூன்று மாதம் வரை நிரம்பிய படுக்கையாகவே அது கணக்கிட வேண்டும். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை, ஆறு மாதம் கழித்து அவர் யார் வீட்டில், யார் பெயரிலான வாடகையில் இருக்கிறார் என்று விசாரித்த பிறகே நிரப்ப வேண்டும்.