பாவு விரிந்த தெரு

கழக்கூட்டத்தில் வாழும் நம்மவர் நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் செல்லும்பொழுதெல்லாம் பாலராமபுரத்தைக் கடந்தே செல்கின்றோம். அப்பெயர்ப் பலகையைப் பன்முறை கண்டிருந்தும், நமக்கு முன்னரே இவ்வழி வந்து குடியேறியோர் அங்குளர் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அண்மையில் ஒரு ஞாயிறன்று யாம் குடும்பத்துடன் அங்குச் சென்று வந்தோம்.

திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்டவர் பாலராம வர்மர். 1809இல் திவான் பதவி ஏற்ற உம்மிணித் தம்பி, வணிகமும் கைத்தொழிலும் ஓங்குதற்பொருட்டு ஓர் ஊரை அமைத்து, அதற்கு மன்னர் பெயரையே சூட்டினார். அரண்மனைக்கு வேண்டிய நுண்ணிய ஆடைகளை நெய்வதற்கென நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளினின்றும் சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன. அவர்தம் வழியினர் வாழும் தெருக்கள் இன்றும் சாலியர் தெருக்கள் என்றே வழங்குகின்றன.

காலையில் தெரு நெடுகப் பாவு விரிக்கப்பட்டிருந்தது. கஞ்சி தோய்த்த நூலை இருபுறமும் நின்று தூரிகையால் நீவி, வெயிலில் உலர்த்தினர். வீட்டினுள்ளே குழித்தறி. குழியில் கால்களை இறக்கி, மிதியை மிதித்து, நாடாவைக் கையால் எறிந்து நெய்கின்றனர். கசவுக் கரையிட்ட முண்டும் நேரியதும் இங்ஙனமே உருவாகின்றன.

பாலித் தீவின் தெங்கனான் ஊரார், பாவு நூலுக்கும் ஊடு நூலுக்கும் முன்னரே சாயமேற்றி நெய்யும் கெரிங்சிங் துணியோடு தம் முன்னோர் வழக்கங்களையும் காத்து வருகின்றனர். அவ்வூரைக் காணக் கடல் கடந்தும் மக்கள் செல்கின்றனர். நம் அருகிலுள்ள ஊரையோ நாம் வண்டியிலிருந்து பார்த்ததோடு சரி!

பாலராமபுரத் துணிகளுக்குப் புவிசார் குறியீடு 2009இல் கிடைத்தது. அதனைக் குறித்து முதிய நெசவாளர் ஒருவரிடம் வினவினோம். "துணிக்குக் குறியீடு கிடைத்தது, தம்பி, தறியில் உட்கார ஆள் கிடைக்கவில்லையே" என்றார். விசைத்தறித் துணி மலிவாக விற்கின்றது. கைத்தறியில் உழைப்புக்கேற்ற கூலி இல்லை. ஆதலின் இளைஞர் வேறு பணி நாடுகின்றனர்.

அவர்களைக் குறை கூற எமக்கு வாய் எழவில்லை. பெரியவர் சொன்ன பாவு, ஊடு, தறி என்னும் சொற்களை எம் மகள் ஆவலுடன் குறித்துக்கொண்டாள். தமிழிலும் மலையாளத்திலும் பொதுவாய் வழங்கும் சொற்கள் அவை. அவள் எழுதியது மலையாள எழுத்தில். தமிழில் எழுத அவளுக்குத் தெரியாது, நாம் கற்பிக்கவில்லை. தறியைச் சுமந்து வந்தவர் அதனை இருநூறு ஆண்டுகள் காத்தனர். எழுதுகோலை நம்பி வந்த நாமோ ஒரே தலைமுறையில் எழுத்தையே கைவிட்டோம்.

அன்றிரவே பலகையும் எழுதுகோலும் எடுத்து அமர்ந்தோம். அவள் முதலில் எழுதிய சொல் 'பாவு'. வரும் ஓணத்திற்குப் புத்தாடை வாங்குவோர் அத்தெருக்களுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.