புத்தளப் புகையிரதப் பாதையும் வலையமைப்பு என்னும் கருத்தும்

ஒரு நாட்டின் புகையிரத வளர்ச்சியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் வண்டிகளின் வேகத்தையே அளவுகோலாகக் கொள்வர். யப்பான் 1964 இல் டோக்கியோவையும் ஒசாக்காவையும் அதிவேகப் பாதையால் இணைத்தது. 1981 இல் பாரிசு நகருக்கும் லியோனுக்குமிடையே பிரான்சின் அதிவேக வண்டிகள் ஓடத் தொடங்கின. காலத்தாற் பிந்திய சீனாவோ இன்று 40,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அதிவேகப் பாதைகளைக் கொண்டுள்ளது. இவ்வளர்ச்சிக்கு வேகம் மாத்திரம் காரணமன்று. நெடுக்கே நான்கு, குறுக்கே நான்கு என நாட்டைத் தழுவும் பெருவழிகளைச் சீனா 2004 ஆம் ஆண்டிலேயே வகுத்துக்கொண்டது. எந்நகரம் எந்நகரத்தோடு இணைய வேண்டும் என்ற தீர்மானம் முன்னே சென்றது. தண்டவாளம் அதனைப் பின்தொடர்ந்தது.

இலங்கையின் வரலாறு இதற்கு மாறானது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஒவ்வொரு பாதையும் ஒவ்வொரு தேவை பற்றி எழுந்தது. 1867 இல் கண்டியை எட்டிய பாதைக்குக் கோப்பிச் செய்கையே தூண்டுகோலாயிற்று. வடபாதை 1905 இல் காங்கேசந்துறையை அடைந்தது. இந்தியத் தொடர்பை நோக்கிய கிளை 1914 இல் தலைமன்னாரை அடைந்தது. மேற்குக் கரையிலோ றாகமையிற் பிரிந்த பாதை 1909 இல் நீர்கொழும்பையும், 1916 இல் சிலாபத்தையும், 1926 இல் புத்தளத்தையும் எட்டிற்று. தென்னையும் உப்பும் விளையும் அக்கரைக்கு அது பெரும் பேறேயாயினும், புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடையிலான வெளி நிரப்பப்படவேயில்லை.

இதன் விளைவைக் கனமூலை போன்ற ஊர்களிலிருந்து நோக்குமிடத்துத் தெளிவாக உணரலாம். அவ்வூரார்க்கு அண்மையிலுள்ள நிலையம் மதுரங்குளி. அங்கிருந்து புகையிரதத்தால் மன்னாருக்குச் செல்ல விரும்பும் ஒருவர், வடக்கே போவதற்காக முதலில் தெற்கே றாகமை வரை சென்று, பின்னர் பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றிவர வேண்டும். வண்டி எத்துணை விரைந்தோடினும் இச்சுற்று குறையாது.

இடையே வில்பத்துக் காடு கிடத்தலின் அப்பாதை பயன் தராது எனச் சிலர் கூறலாம். ஆயின் வடபாதையும் வன்னிக் காட்டை ஊடறுத்தே சென்றது என்பது மறத்தற்பாலதன்று. மேலும், புத்தளத்துக்கு வடக்கே அருவக்காடு வரை தண்டவாளம் இடப்பட்டே உள்ளது. அது சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காக அமைந்தது. கல்லுக்குக் கிடைத்த வழி மக்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே, இலங்கையில் அதிவேகப் பாதை பற்றிச் சிந்திப்போர் எத்தனை கிலோமீற்றர் வேகம் என்று வினவுமுன், எவ்வூர்கள் இணைக்கப்படும், எவை கடந்து செல்லப்படும் என்று வினவுதல் வேண்டும். தனித்தனிக் கோடுகள் பலவாயினும் அவை வலையாகா. முடிச்சுகளே வலையை ஆக்குவன. புத்தளப் பாதையின் வரலாறு புகட்டும் பாடம் இதுவேயாகும்.