மிச்சம் வைக்கக் கூடாத மன்னா



விடிந்தும் விடியாத நேரத்தில் நம் ஊர் விலக்கில் பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கிறது. கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுகிறார்கள். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் சிலர் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறார்கள். மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அவர்கள் வீடு திரும்புகிறார்கள். தீபாவளி நெருங்கினால் இன்னும் தாமதமாகும். அதன்பிறகு அடுப்பு, தண்ணீர்க் குடம், பிள்ளைகளின் பள்ளி உடை. "சாமி, எங்களுக்குச் செபம் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது? பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தர நாங்கள் என்ன படித்தவர்களா?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். இதற்கு நம் தமிழ் மண்ணின் வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. இன்று அதைச் சிறிது நேரம் திரும்பிப் பார்ப்போம்.

1542ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களின் துணையோடு சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டார். கையில் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். "இன்று கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்பது அவர் வைத்த ஏற்பாடு. நோயாளிகள் எல்லாரையும் அவரால் போய்ப் பார்க்க முடியவில்லை. எனவே செபம் தெரிந்த சிறுவர்களையே நோயாளிகளின் படுக்கையருகே அனுப்பினார். கடலோரக் குடிசைகளுக்குள் விசுவாசம் பெரும்பாலும் பிள்ளைகளின் வாய்வழியாகத்தான் நுழைந்தது.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அண்டிரிக் அடிகளார் தந்த அந்தச் சிறு நூல் செபங்களையும் மறைக்கல்வியையும் கொண்டது. பதினாறே பக்கங்கள். அறிஞர்கள் விவாதிப்பதற்காக அது எழுதப்படவில்லை. வீட்டில் விளக்கடியில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வதற்காகவே எழுதப்பட்டது.

பிறகு விசுவாசம் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வந்தது. 1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். மறவ நாட்டில் புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தம் இரத்தத்தைச் சிந்தினார். வீரமாமுனிவர் நம் கரிசல் பக்கமே வந்து, சாத்தூருக்குத் தெற்கே கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணி செய்தார். 'தேம்பாவணி' பாடிய பெரும் புலவர் என்று அவரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அதே கையால் அவர் 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலையும் எழுதினார். வேதியர் என்றால் நாம் இன்று உபதேசியார் என்று அழைக்கிறோமே, அவர்தான்.

காவியம் பாடத் தெரிந்தவர் ஏன் உபதேசியாருக்காக உட்கார்ந்து ஒரு நூல் எழுத வேண்டும்? காரணம் எளிது. அக்காலத்தில் ஒரு குருவுக்குப் பல நாள் நடை தூரம் விரிந்த பங்கு இருந்தது. குரு ஓர் ஊருக்கு வந்து போனால், மறுபடி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் இல்லாத நாள்களில் ஞாயிறு செபம் நடத்தியவர் உபதேசியார். சாகக் கிடந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர், நோயாளிக்கு ஆறுதல் சொன்னவர், இறந்தவரை அடக்கம் செய்தவர், பிணங்கி நின்ற குடும்பங்களைச் சேர்த்துவைத்தவர், எல்லாம் அவரே. ஊரோடு ஊராக, காடு கழனி வேலை பார்த்த பொதுநிலையினர் அவர்.

அன்பர்களே, இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று வந்தது. ஐரோப்பிய அரசர்களின் நெருக்குதலால் 1773 ஜூலை 21ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். மதுரை மறைப்பணித்தளத்தில் இருந்த குருக்கள் முதுமையில் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். அவர்களின் இடத்தை நிரப்பப் புதியவர்கள் போதுமான அளவு வரவில்லை. கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சில குருக்கள் வந்து தங்களால் இயன்றதைச் செய்தார்கள். ஆனாலும் பல ஊர்கள் பூசை காணக் காத்துக் கிடந்தன. 1838இல்தான் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் வந்து பணியை மீண்டும் தொடங்கினார்கள். இடையில் ஓடியவை 65 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுக்கும் காலம் அது.

பலர் விலகிப்போனார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாரும் போய்விடவில்லை. வந்த குருக்களை எதிர்கொண்டு, செபம் தெரிந்த கிறிஸ்தவர்கள் ஊர்களில் நின்றார்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? உபதேசியார் சொன்னார். மாடு கட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்த தாத்தா சொன்னார். திரிகை ஆட்டிக்கொண்டே பாட்டி சொன்னார்.

புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது அவருடைய விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று நினைவூட்டுகிறார். முதலில் பாட்டி லோயி, பிறகு தாய் யூனிக்கி என்று பெயர் சொல்லியே எழுதுகிறார் (2 திமொ 1:5). உலகம் சுற்றிய திருத்தூதர் ஓர் ஆயரின் விசுவாசத்துக்கு வேர் தேடியபோது, அது ஒரு வீட்டின் அடுப்படியில் இருந்தது. மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன உவமையும் இதுவே. விதைத்தவர் இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார். அவருக்கே தெரியாமல் விதை முளைத்து வளர்கிறது (மாற் 4:26-29). வானம் பார்த்த கரிசலில் கம்பும் பருத்தியும் விதைத்தவர்களுக்கு இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை.

சரி, அது அந்தக் காலம். இந்தக் காலத்து நமக்கு?

நம் பட்டாசு ஆலைகளில் ஒரு விதி உண்டு. கலந்த மருந்தை அன்றன்றே செலுத்தி முடிக்க வேண்டும். மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. வைத்தால் ஆபத்து என்று புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாலைநிலத்தில் மோசே சொன்ன விதியும் ஏறக்குறைய இதுதான். மன்னாவை அன்றன்றைக்குத் தேவையான அளவே சேர்க்க வேண்டும். ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டுமே இரண்டு பங்கு. மற்ற நாளில் காலைவரை மிச்சம் வைத்தவர்களின் மன்னாவில் புழு வைத்து நாற்றம் எடுத்தது (விப 16:19-20). இறைவன் ஏன் அப்படிச் செய்தார்? தம் மக்கள் ஒவ்வொரு விடியலிலும் தம் கையை நோக்க வேண்டும் என்பதற்காக. சிறுவயதில் படித்த மறைக்கல்வியை வைத்து ஆயுள் முழுவதும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது, நேற்றைய மன்னாவை இன்று உண்ணப் பார்ப்பதுதான். கைப்பிடி அளவு போதும். ஆனால் அது இன்றையதாக இருக்க வேண்டும்.

ஏனென்றால், எந்த நாள் எப்படி விடியும் என்று நமக்குத் தெரியாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்ததை இந்த மாவட்டம் மறக்காது. முப்பதுக்கும் மேற்பட்டோர் அந்த ஒரே விபத்தில் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். இன்னும் எத்தனையோ சிறு சிறு ஊர்கள். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் நீண்ட மறையுரை எடுபடாது. யோபுவின் நண்பர்கள் பேசத் தொடங்கியபோது தவறினார்கள். ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் சரியாக நடந்துகொண்டார்கள் (யோபு 2:13). அந்த மௌனத்தில் ஒரு தாயின் உதட்டில் தானாக வந்து நிற்கும் திருப்பாடல், அன்று புதிதாகக் கற்றது அல்ல. ஓராயிரம் சாதாரண மாலைகளில் சொல்லிப் பழகியது. அன்றன்று மன்னாவை உண்டவர்களே பாலைநிலத்தைக் கடந்தார்கள்.

"நாங்கள் படித்தவர்களா?" என்ற கேள்விக்கும் பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. இன்று நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய பலர், சிறுவயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள். பள்ளிக்கூடம் அவர்களுக்கு எட்டவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளை முன்னிட்டே முக்கியமான தீர்ப்பு வழங்கியது. இன்று அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அவர்களுக்குப் புரியும் தமிழில் இருக்கிறது. சவேரியார் கடற்கரையில் செய்த ஏற்பாட்டை நாமும் வீட்டில் செய்யலாமே! அம்மா சமைக்கட்டும், அப்பா களைப்பாறட்டும். பிள்ளை அன்றைய நற்செய்தியை உரக்க வாசிக்கட்டும். அந்த வார்த்தைக்கு அன்றைய வேலையில், அன்றைய கூலியில், அன்றைய சண்டையில் என்ன பொருள் என்று சொல்ல அம்மாவுக்குத் தெரியும். பிள்ளைக்கு எழுத்து தெரியும், தாய்க்கு வாழ்க்கை தெரியும். இரண்டும் சேரும் இடத்தில் விவிலியச் சிந்தனை தொடங்குகிறது.

2021 மே 10ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியை உலகத் திருச்சபையில் முறையான திருப்பணியாக ஏற்படுத்தினார். உலகமெங்கும் அது புதிய செய்தி. நமக்கோ அது நம் தாத்தா பாட்டிகளுக்குக் கிடைத்த தாமதமான மரியாதை.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்வோம். ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடம், ஒரு பகுதி, ஒரு பிள்ளையின் குரல். ஒருநாள் தவறினால் மனம் சோர வேண்டாம். மறுநாள் விடியலில் மன்னா மறுபடி பொழியும். குருக்கள் போதாதிருந்த 65 ஆண்டுகளில் நம் முன்னோரின் வீடுகளில் அணையாத விளக்கை, கோயில் மணி தினமும் கேட்கும் நம் வீடுகளில் அணையவிடாமல் காக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.