இயந்திரத்துக்கு அடங்காத மரப்பிடி

1830 ஆகஸ்டில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பிய 'கோர்வோ' என்ற கப்பலில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெயர் சாமுவேல் கோல்ட். வெடி வித்தை காட்டப்போய் தீ பிடித்து, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோனவன். கடலில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கத்தியும் மரக்கட்டையுமாக உட்கார்ந்து எதையோ செதுக்கிக்கொண்டிருந்தான். அது ஒரு சுழல் துப்பாக்கியின் மாதிரி. கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று பூட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். எலிஷா காலியர் என்பவர் 1818-லேயே காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியை இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினரிடம் பார்த்திருப்பார் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எது உண்மையோ, அந்த ரிவால்வரில் இரும்பு பிறகுதான் வந்தது. முதலில் இருந்தது மரம்.

ஊர் திரும்பியவரிடம் ஆசை இருந்தது, காசு இல்லை. 'டாக்டர் கோல்ட்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சிரிப்பு வாயுவை மக்களுக்கு முகரக் கொடுத்துக் கட்டணம் வசூலித்தார். அந்தப் பணத்தில்தான் மாதிரித் துப்பாக்கிகள் உருவாயின. 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சனில் தொடங்கிய தொழிற்சாலை 1842-ல் மூடப்பட்டது. மெக்சிகோ போர் வந்து, சாமுவேல் வாக்கர் என்ற படைத்தலைவர் 1,000 ரிவால்வர்கள் கேட்டபோது கோல்ட்டிடம் தொழிற்சாலையே இல்லை. எலி விட்னி ஜூனியரின் பட்டறையில் செய்து வாங்கிக் கொடுத்தார். பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின் இயந்திரத்தைக் கண்டுபிடித்த எலி விட்னியின் மகன் இவர். பருத்தி ஜின் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வரப்போகிறது.

அதற்கு முன் மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போக வேண்டும். அங்கே அரசின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. வளைவும் நெளிவுமான துப்பாக்கிக் கட்டையை அச்சு அசலாக நகலெடுக்கும் கடைசல் இயந்திரம் ஒன்றுக்குத் தாமஸ் பிளான்சர்ட் 1819-ல் காப்புரிமை வாங்கினார். மாதிரிக் கட்டையை ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும். அதே வளைவை வெட்டுச் சக்கரம் புதிய கட்டையில் செதுக்கும். துப்பாக்கிக்காக வந்த இந்த இயந்திரம் பிறகு செருப்புத் தைக்கும் கட்டையையும் கோடரிக் காம்பையும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலையும் கடைந்து தள்ளியது. காப்புரிமையை நீட்டிக்க வேண்டியிருந்தபோது பிளான்சர்ட் அமெரிக்கத் தலைவர்களின் மார்பளவுச் சிலைகளையே இதில் கடைந்து, வாஷிங்டனில் பார்வைக்கு வைத்தார். நீட்டிப்பும் கிடைத்தது. எந்த அரசியல்வாதிக்குத்தான் தன் சிலை பிடிக்காது!

இனி மர வேலையில் கைக்கு இடமில்லை என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். கோல்ட் ஹார்ட்ஃபோர்டில் புதிதாகக் கட்டிய ஆலையின் பெருமையே, ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்கும் பொருந்தும் என்பதுதான். ஆனால் பிடி மட்டும் பிடிவாதம் பிடித்தது. வால்நட் மரத்துண்டை உலோகச் சட்டத்தில் பொருத்தி, மரத்தையும் உலோகத்தையும் ஒன்றாகவே தேய்த்து மட்டப்படுத்தினார்கள். விரல் வைத்துத் தடவினால் இணைப்பு தெரியாது. அதே பிடியைக் கழற்றிப் பக்கத்துத் துப்பாக்கியில் மாட்டினால் எங்கோ ஒரு ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பிடியின் உட்புறத்திலும் எழுதி வைத்தார்கள். பழைய ரிவால்வர் வாங்குகிறவர்கள் இன்றும் பிடியைக் கழற்றி அந்த எண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

ஏன் வால்நட்? நாம் அக்ரூட் பருப்பு தின்னும் மரத்தின் இனம்தான். காய்ந்தபின் எளிதில் முறுக்கிக்கொள்ளாது, அதிர்வைத் தாங்கும், ரொம்பக் கனக்காது, எண்ணெய் பூசினால் ரேகைகள் துலங்கும். அமெரிக்கக் காடுகளில் கருவால்நட் தாராளமாகக் கிடைத்தது வேறு.

1851-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த மாபெரும் கண்காட்சியில் கோல்ட் தன் சரக்கைக் கடை பரப்பினார். அவருடைய 1851 'நேவி' ரிவால்வரின் பிடி மேழிபோல வளைந்து இறங்கும். சுட்டதும் துப்பாக்கி உள்ளங்கைக்குள் மெல்ல உருண்டு மேலெழும். கட்டைவிரல் தானாகத் துப்பாக்கியின் குதிரைக்கு (சுத்திக்கு) அருகே வந்துவிடும். இந்த வளைவை 1873-ல் வந்த 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' அப்படியே எடுத்துக்கொண்டது. ஹாலிவுட் கௌபாய்களின் இடுப்பில் தொங்குவது அதுதான். நம் ஜெய்சங்கர் குதிரையேறிச் சுட்ட கௌபாய் படங்கள் வரைக்கும் அந்தச் சாயல் வந்து சேர்ந்தது.

கோல்ட்டுக்கு விளம்பரம் ரத்தத்தில் ஊறியது. கனெக்டிகட் மாநிலத்தார் சரித்திரச் சின்னமாகப் போற்றிய 'சார்ட்டர் ஓக்' என்ற முதிய மரம் 1856 ஆகஸ்டில் புயலில் விழுந்தது. அந்த மரத்தின் கட்டையில் தன் குழந்தைக்குத் தொட்டில் செய்தார். பரிசளிக்கும் ரிவால்வர்களுக்குப் பிடியும் போட்டார். அரசர்களுக்கும் சுல்தான்களுக்கும் தங்க வேலைப்பாட்டோடு துப்பாக்கி அனுப்பியவர், ஊர்க்காரர்களின் உணர்ச்சிக்கு விழுந்த மரமே போதும் என்று கணக்குப் போட்டது சாமர்த்தியம்தான்.

நகலெடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்கு ரிவால்வர் தட்டுப்பாடு. ஜார்ஜியாவில் சாமுவேல் கிரிஸ்வோல்ட் என்பவர் பருத்தி ஜின் இயந்திரம் செய்துகொண்டிருந்தார். அவரும் கோல்ட் பிறந்த கனெக்டிகட்டிலிருந்து போனவர். 1862-ல் தன் ஆலையைத் திருப்பி, 'நேவி' ரிவால்வரைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார். இரும்புப் பற்றாக்குறையால் சட்டம் பித்தளையானது. பிடி வழக்கம்போல வால்நட். அங்கே வேலை செய்த 24 பேரில் 22 பேர் அடிமைகள். தங்களை அடிமையாகவே வைத்திருக்கப் போராடிய படைக்கு அந்தக் கைகள் 3,600-க்கும் மேற்பட்ட ரிவால்வர்களைச் செய்து கொடுத்தன. இந்தப் பயணத்தில் இதைவிடக் கசப்பான கட்டம் வேறு இல்லை. 1864 நவம்பரில் வடக்குப் படை வந்து ஆலையைக் கொளுத்தியது.

அதே காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1857 முதல் தன் சிறிய ரிவால்வர்களை ரோஸ்வுட் பிடியோடு விற்றுக்கொண்டிருந்தது. பிறகு மரத்துக்கு ஒரு போட்டியாளன் வந்தான். கந்தகம் சேர்த்த ரப்பரை அச்சில் அழுத்திச் சூடாக்கிக் கெட்டியாக்கினால் கழுகு, பூ, நிறுவன முத்திரை எது வேண்டுமானாலும் பதியும். தச்சருக்குக் கூலி மிச்சம். 1880-களில் கோல்ட் நிறுவனமும் அதற்கு மாறியது. பெல்ஜியத்தின் லியேஜ், ஸ்பெயினின் எய்பார் நகரங்களில் அமெரிக்க ரிவால்வர்களின் நகல்கள் குவியல் குவியலாகச் செய்யப்பட்டன. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரைப் பார்த்து அரத்தாலேயே இழைத்து இழைத்துச் செய்தார்கள். ஆங்கிலம் தெரியாத கைகள் முத்திரையை நகலெடுத்ததால் எழுத்துகள் திரும்பி நிற்பதும் உண்டு. பிடியைச் செதுக்க எழுத்தறிவு தேவைப்படவில்லை.

கைவேலை மறுபடி தலையெடுக்கக் காரணம் வலி. 1935-ல் ஸ்மித் அண்ட் வெஸன் .357 மேக்னம் ரிவால்வரை வெளியிட்டது. விலை 60 டாலர். பொருளாதார மந்த காலத்தில் பெரிய தொகை. வாங்குபவர் பெயருக்குப் பதிவுச் சான்றிதழோடு ஒவ்வொன்றாகச் செய்து தந்தார்கள். முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. தோட்டாவின் வலிமை கூடியது. ஆனால் ரிவால்வர்களின் பிடி மெலிந்ததாகவே இருந்தது. விசைக்காப்பு வளையத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டு. ஒவ்வொரு சூட்டிலும் வளையம் பின்னோக்கி வந்து நடுவிரல் கணுவில் இடிக்கும்.

வால்டர் ரோப்பர் துப்பாக்கித் தொழிலில் ஊறிய பொறியாளர். அந்த வெற்றிடத்தை மரத்தால் நிரப்பி, உள்ளங்கையின் குழிவுக்கு ஏற்ப பிடியைப் பருக்க வைத்து வரைந்தார். செதுக்கிக் கொடுத்தவர் மத்தியாஸ் கான்யே என்ற மரவேலைக்காரர். எந்த ஊர் தெரியுமா? அதே ஸ்பிரிங்ஃபீல்ட். கட்டையைக் கையால் செதுக்க வேண்டாம் என்று இயந்திரம் தீர்மானித்த ஊரில், நூறு ஆண்டு கழித்து ஒருவர் உளியும் அரமும் எடுத்து உட்கார்ந்தார்.

அந்த வேலை இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் நடக்கிறது. ஒரே கட்டையை நடுவில் அறுத்துப் புத்தகம்போல விரித்தால் இரு பக்கமும் ரேகை ஒன்றையொன்று பார்த்து நிற்கும். உட்புறத்தில் சட்டத்தின் வடிவத்துக்குக் குடைந்து, அது அசையாமல் உட்காரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். பொறுமை மொத்தமும் இங்கேதான் செலவாகும். ஒரு திருகுக்கு ஓட்டை, நகராமல் பிடிக்க ஒரு சிறு முளை. பிறகுதான் வெளிப்புறம்: அரம், உப்புத்தாள், ஆளிவிதை எண்ணெய். வழுக்காமலிருக்க, சிறிய பல்லுள்ள கருவியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தால் நூற்றுக்கணக்கான குட்டி வைரங்கள் எழும்பும். ஒரு அங்குலத்துக்கு இருபது கோடுகள் என்றால், ஒரு கோடு கோணினாலும் ஊருக்கே தெரியும்.

இரண்டாம் உலகப் போர் ஒரு விசித்திரமான இடைவேளை. விழுந்த விமானங்களின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜன்னலை அறுத்து, சிப்பாய்கள் தங்கள் கைத்துப்பாக்கிக்குப் பிடி செய்தார்கள். உள்ளே காதலியின் புகைப்படம் தெரியும்.

போருக்குப் பின் இடாகோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸில் ஸ்டீவ் ஹெரட் இதைத் தபால் வியாபாரமாகவே மாற்றினார். காகிதத்தில் கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பினால், அந்தக் கைக்கு அளவான பிடி தபாலில் வரும். எல்லைக் காவல் அதிகாரி பில் ஜோர்டான் ஆறரை அடி உயரம், கையும் அதற்கேற்ற அளவு. அவர் யோசனைப்படி ஹெரட் செய்த 'ஜோர்டான் ட்ரூப்பர்' பிடியில் வைரக் கோடுகளே கிடையாது. அவசரத்தில் உருவும்போது கை கொஞ்சம் தவறாக விழுந்தாலும், வழவழப்பான மரத்தில் வழுக்கிச் சரியான இடத்துக்குப் போய்விடும் என்பது அவர் கட்சி. நிறுவனங்களோ மிச்சம் பிடிப்பதில் குறியாக இருந்தன. திருகைச் சுற்றி விடப்படும் வைர வடிவ மரத்திட்டை ஸ்மித் அண்ட் வெஸன் 1968 வாக்கில் கைவிட்டது. அந்தச் சின்னத் திட்டு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே சேகரிப்பாளர்கள் இப்போது விலை பேசுகிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர் கை ஹோக் 1968-ல் சக காவலர்களுக்காகப் பிடி செய்யத் தொடங்கினார். விரல் பதியும் பள்ளங்களோடு அவர் குடும்ப நிறுவனம் பின்னர் பெரிதாக விற்றது ரப்பர் பிடிகள்! கிரேக் ஸ்பீகல் குட்டி ரிவால்வர்களுக்கென மரத்தில் செதுக்கிய 'பூட்' பிடியின் வடிவமும் மலிவு ரப்பரில் வார்க்கப்பட்டு மூலைமுடுக்கெல்லாம் போனது. கைவினைஞர் மரத்தில் கண்டுபிடிப்பார், ஆலை அதை ரப்பரில் நகலெடுக்கும் என்பதே வழக்கமாயிற்று. ரப்பர் கைக்கு இதம், வியர்வையில் வழுக்காது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நடுத்தரமான ஒரு கற்பனைக் கைக்குச் செய்தது. 1980-களின் இறுதியில் அமெரிக்கப் போலீஸ் ரிவால்வரை விட்டுத் தானியங்கிப் பிஸ்டலுக்கு மாறியபோது, பிடி செய்வோருக்கு மிஞ்சியவர்கள் சேகரிப்பாளர்களும் குறிபார்த்துச் சுடுவோரும்தான்.

மரத்துக்கு மீண்டும் மவுசு வந்ததில் சட்டங்களுக்கும் பங்குண்டு. யானைத் தந்தத்தின் உலக வணிகத்துக்கு 1989-ல் தடை முடிவானது. கௌபாய் துப்பாக்கிகளுக்கு அழகு சேர்த்த கொம்புப் பிடிகளில் பல நம் காடுகளின் கடமான் கொம்பு. 1990-களின் இறுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியையும் நிறுத்தியது. பிரேசில் ரோஸ்வுட்டின் வணிகம் 1992-ல் முடங்கியது. அதன் இடத்துக்கு வந்த இந்திய ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் நிற்கும் நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் காப்பாற்ற 1994-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2017 முதல் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. என்னைக் கேட்டால், பிடிக்கு வால்நட்டே போதும். ஈட்டி காட்டில் நிற்கட்டும்.

கைக்கு அளவெடுத்த மரப்பிடி இன்று சந்தேகமே இல்லாமல் வெற்றிக்கொடி நாட்டியிருப்பது ஒலிம்பிக் களத்தில். செசரே மொரினி என்ற இத்தாலியர் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கு மரப்பிடி செய்துகொடுத்துப் பேர் வாங்கி, பிறகு தானே பிஸ்டல் செய்யத் தொடங்கினார். வால் நாயை ஆட்டிய கதை! பாரிஸ் 2024-ல் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிகளில் வீரர்கள் பிடியை அரத்தால் இழைப்பார்கள், மக்கு வைத்து நிரப்புவார்கள், மறுபடி இழைப்பார்கள். நடுவர்கள் கேட்பது சிலவே: எடை 1,500 கிராமுக்குள், மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கக் கூடாது, பிடியோடு சேர்த்து முழுத் துப்பாக்கியும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் மரம் எந்தக் கைக்கு எப்படி வளையும் என்பதற்கு எந்த விதிப்புத்தகத்திலும் அளவு கிடையாது.